மலை ஏற அம்பாசடரா, பத்மினியா?

வணக்கம். மதுரையில் இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும், முடிவெடுக்க முடியவில்லை.

ஒன்று 1986 அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். இன்னொன்று 1988 பிரீமியர் பத்மினி, 1089 சிசி. (எங்கள் ஊரில் இன்றும் ஃபியட் என்றுதான் சொல்கிறார்கள்.) இரண்டிலும் கியர் ஸ்டியரிங் பக்கத்தில்தான். மாதம் இருமுறை வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் போவேன். கூட அப்பாவும் வருவார், அவருக்கு முழங்கால் வலி.

இரண்டையும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். பத்மினி வளைவுகளில் சொன்னபடி கேட்கிறது, டவுனில் திருப்புவதும் சுலபம். ஆனால் நாலு பேர் ஏறியதும் மேட்டில் இரண்டாவது கியரை விட்டு வர மறுக்கிறது. ஓட்டுநர் காலடியில் துருவுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அம்பாசடர் பள்ளம் மேட்டில் மெத்தை மாதிரி போகிறது, அப்பா சிரமமில்லாமல் ஏறி இறங்கினார். ஸ்டியரிங்கில் மட்டும் இரண்டு விரல் அளவு ஆட்டம். வளைவில் உடம்பு சாய்வதும் அதிகம்.

என்ஜின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தாயிற்று, இரண்டும் சரி. ஆர்சி இரண்டுக்கும் புதுப்பித்திருக்கிறது. அம்பாசடர் 2014 வரை தயாரானதால் பாகம் கிடைக்கும் என்கிறார் ஒரு மெக்கானிக். பத்மினி என்ஜின் சின்னது, செலவு குறைவு என்கிறார் இன்னொருவர்.

இந்த இரண்டையும் மலைப்பாதையில் வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: பராமரிப்பையும் சேர்த்துப் பார்த்தால் எதை எடுப்பீர்கள்?