இழை: சென்டர்போர்டுக்குத் தமிழ் – திங்களுக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் இழுத்துப்போகிற சிறு பாய்மரப் படகின் வடிவமைப்பு பற்றிய பாடநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நான்கு பேர் தூங்கிப் பயணம் போகிற அளவுள்ள படகு. திங்கள்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பாய், பாய்மரம், சுக்கான், அணியம் (படகின் முன்பகுதி) எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. சென்டர்போர்டில் வந்து நிற்கிறேன்.

காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஏறும்போது படகு பக்கவாட்டில் ஒதுங்காமலிருக்க, அடியில் ஆழமாக ஏதோவொன்று நீரைப் பிடித்து நிற்க வேண்டும். ட்ரெய்லரில் ஏற்றுவதற்கோ அடி ஆழமில்லாமல் இருக்க வேண்டும். அதனால் இறக்கி ஏற்றும் பலகை. அச்சாணியில் சுழன்று மேலே போவது சென்டர்போர்டு, நேராக மேலிருந்து செருகுவது டாகர்போர்டு, எடை சேர்த்துச் சுழலும்படி செய்தது ஸ்விங் கீல் (கீல் என்றால் படகின் அடியில் முன்பின்னாக ஓடும் தண்டு). இப்போதைக்கு "நடுப்பலகை" என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நடுப்பலகை இடத்தைச் சொல்கிறது, தொழிலைச் சொல்லவில்லை. "தாழ்பலகை" எனலாம். வினைத்தொகை. தாழ்ந்த, தாழ்கின்ற, தாழும் என மூன்று காலமும் உள்ளே நிற்கும். ப் மிகக் கூடாது. "தாழ்ப்பலகை" என்று எழுதினால் தாழ்ப்பாள் நினைவு வந்துவிடும். "அடைக்குந்தாழ்" என்ற குறளில் வரும் தாழ் அது.

படகு கட்டுபவர்:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் டாகர்போர்டும் தாழத்தானே செய்கிறது? இரண்டும் தண்ணீரில் நடந்துகொள்வதே வேறு. சென்டர்போர்டு தரை தட்டினால் தானாகப் பின்னோக்கி மடிந்து கொடுக்கும். டாகர்போர்டு கொடுக்காது, பலகை உடையும், இல்லையென்றால் அது செருகி நிற்கும் கூடு பிளக்கும். சென்டர்போர்டைப் பாதி தூக்கினால் நீரைப் பிடிக்கும் மையம் பின்னால் நகரும், சுக்கானில் கை அதை உணரும். டாகர்போர்டைப் பாதி தூக்கினால் மையம் முன்பின் அவ்வளவாக நகராது. பிறகு கூடு: சென்டர்போர்டின் கூடு நீளமானது, அறையை நடுவில் இரண்டாக வெட்டிவிடும். அதனாலேயே சிலர் பலகையைச் சற்று ஒரு பக்கமாகத் தள்ளி வைப்பார்கள். அப்புறம் அது எப்படி நடுப்பலகை? "மடிபலகை", "செருகுபலகை" என்று பிரித்துச் சொன்னால் கட்டுகிறவனுக்குப் புரியும்.

சொல்லாய்வர்:

பலகை என்று ஏன் தொடங்க வேண்டும்? கீலுக்கு நம்மிடம் "ஏரா" இருக்கிறது. ஏர் நிலத்தைக் கீறுவதுபோல் இது நீரைக் கீறிப் போகிறது. ஏர் என்பதிலிருந்தே ஏரா பிறந்தது என்பது என் துணிபு. 1774இல் ஜான் ஷாங்க் என்ற கடற்படை அதிகாரி பாஸ்டனில் இப்படியொரு படகு கட்டியபோது அதைச் "சறுக்கும் கீல்" என்றே சொன்னார். போர்டு பின்னால் வந்தது. ஆகவே "மடியேரா", "செருகேரா".

கல்லூரி விரிவுரையாளர்:

ஏர் என்றால் இறுதி ஆகாரம் எங்கிருந்து வந்தது அண்ணா? ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. இன்னொன்று, என் மாணவர்களுக்கு ஏராவே புதுச்சொல். "செருகேரா" என்றால் முழுச்சொல்லையும் மனப்பாடம்தான் செய்வார்கள். பலகை என்றால் கையில் ஒன்று தட்டுப்படும். ஜெர்மனில் இதை "வாள்" என்கிறார்கள், பிரெஞ்சில் "ஒதுக்கம்" என்ற பொருள் தரும் சொல்லையே அந்த ஒதுக்கத்தைத் தடுக்கிற பலகைக்கும் வைத்திருக்கிறார்கள். அவரவர் கண்ணுக்குப் பட்டதை எடுத்துக்கொண்டார்கள். நாமும் பலகையை எடுத்துக்கொள்ளலாமே.

சொல்லாய்வர்:

வாள் என்றால் கூட்டை "உறை" என்று சொல்லிவிடலாம், அது நன்றாகவே பொருந்தும். கட்டுமரத்தில் பக்கவாட்டில் பலகை இறக்கி ஓட்டிய மக்களிடம் இதற்கு ஒரு சொல் இருந்திருக்கும். அகராதிக்கு முன் கரைக்குப் போக வேண்டும் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர்:

திங்களுக்குள் கரைக்குப் போய் வர முடியாது ஐயா. எடை சேர்த்ததை என்ன செய்வது? அகலத்துக்குச் சாலை வரம்பு உண்டு, ஐரோப்பாவில் 2.55 மீட்டர். அகலம் குறைந்த படகு நிமிர்ந்து நிற்க அடியில் பாரம் வேண்டும். அந்தப் பாரத்தையே பலகையில் ஏற்றினால் ஸ்விங் கீல்.

படகு கட்டுபவர்:

அங்கே ஏராவை வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்கினால் ஏரா, ஒதுக்கத்தை மட்டும் தடுத்தால் பலகை. அந்தப் பிரிவு மாணவருக்கும் உதவும்: வெறும் பலகையைத் தூக்கினாலும் படகின் நிமிரும் வலு பெரிதாகக் குறையாது, மடியேராவைத் தூக்கினால் குறையும். கடலில் இதை மறந்தால் ஆபத்து.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மடியேராவுக்கு மறுப்பில்லை. மடிபலகைக்கு உண்டு. வினைத்தொகையை விரித்தால் "மடிந்த பலகை" என்று வரும். மடிதலுக்கு இறத்தல் என்றும் பொருள் உண்டு. தெரியாதவர்கள் ப் சேர்த்து "மடிப்பலகை" என்று எழுதுவார்கள். அப்போது மடியில் வைத்து எழுதும் பலகை ஆகிவிடும். மடிக்கணினியில் இருப்பது அந்த மடிதான்.

கல்லூரி விரிவுரையாளர்:

ஐயா, மடியேராவிலும் அதே மடிதானே?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆம், அதுவும் உறுத்துகிறது. அங்கே ப் மிகும் குழப்பமாவது இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:

மூவர் மடிபலகை, ஒருவர் தாழ்பலகை, ஒருவர் ஏரா மட்டும். மடிபலகை, செருகுபலகை, மடியேரா, பலகைக்கூடு என்று போட்டு அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் சென்டர்போர்டு என்றும் எழுதிவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அனுப்புங்கள் தம்பி. சொல்லடைவில் "தாழ்பலகை என்றும் கூறுவர்" என்று ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள். இன்று கூறுபவன் நான் ஒருவன்தான் என்றாலும் சேர்த்துவிடுங்கள்.