கொல்லிமலை ஏற்றம்: செயலி 31 என்கிறது, சைக்கிளில் முடியுமா? உதவி தேவை

மிதிக்கும்மணி:
அடுத்த ஞாயிறு கொல்லிமலை ஏறுகிறோம், அவசரம். வழித்தடத்தைக் கைபேசிச் செயலியில் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் 31 என்று சிவப்பாகக் காட்டுகிறது. போன மாதம் ஏறிய நண்பர் 8க்கு மேல் எங்குமே இல்லை என்கிறார். யாரை நம்புவது? பின்சக்கரப் பல் தட்டை மாற்ற வேண்டுமா? இன்றைக்குள் சொன்னால் நல்லது.

கல்லாறு_வாசி:
31 என்றால் என்ன, டிகிரியா சதவீதமா? 31 டிகிரி என்றால் 60 சதவீதம். அது சாலை இல்லை, ஏணி.

சங்கிலி_எண்ணெய்:
எந்த வழியாக ஏறுகிறீர்கள்? காரவள்ளி வழியா, முள்ளுக்குறிச்சி வழியா? இப்போது எத்தனை பல் தட்டு? உங்கள் எடை? எதையும் சொல்லாமல் இன்றைக்குள் பதில் வேண்டும் என்றால் எப்படி?

பழைய_ஓவர்சியர்:
இது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஏறிய உயரத்தைக் கிடைத்தூரத்தால், அதாவது சரிவோடு அல்லாமல் கிடையாக அளந்த தூரத்தால், வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். இதுகூடத் தெரியாமல் மலை ஏறப் புறப்படுகிறார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் நெறிப்படி மலைச்சாலைக்கு வழக்கமான ஏற்றம் 5 அல்லது 6 சதவீதம். வேறு வழியே இல்லாத இடத்தில் 8. கொண்டை ஊசி வளைவுக்குள் 40க்கு 1, அதாவது இரண்டரை சதவீதம்தான். எனவே 31 என்பது பொய்.

மிதிக்கும்மணி:
சதவீதம்தான். முன்னால் இரண்டு தட்டு, 50 பல்லும் 34 பல்லும்; பின்னால் பெரியது 28 பல். நூறு சதவீதம் என்றால் செங்குத்து, ஆகவே 31 என்பது மூன்றில் ஒரு பங்கு செங்குத்து, சரிதானே?

கல்லாறு_வாசி:
இல்லை தம்பி. நூறு சதவீதம் என்றால் 45 டிகிரி. 31 சதவீதம் சுமார் 17 டிகிரி. கேட்கச் சிறிதாக இருக்கும், மிதித்துப் பார்த்தால் தெரியும்.

வாட்டம்_பார்ப்பவர்:
எங்கள் கட்டட வேலையில் டிகிரியும் இல்லை, சதவீதமும் இல்லை. அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் என்றால் மேஸ்திரிக்குப் புரிந்துவிடும். அது 12க்கு 1, அதாவது 8.33 சதவீதம். உங்கள் நண்பர் சொன்ன 8 ஏறக்குறைய அதே வாட்டம்தான்.

கல்லாறு_வாசி:
நீலகிரி மலை ரயிலும் கல்லாறுக்கு மேல் ஏறத்தாழ அதே ஏற்றம்தான், 12.28க்கு 1. அதற்கே நடுவில், எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறப் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.

பழைய_ஓவர்சியர்:
12.28 என்பது கிடைத்தூரமா, தண்டவாளத்தோடு அளந்த தூரமா? தெரியாமல் எண்ணைச் சொல்லக் கூடாது.

கல்லாறு_வாசி:
12க்கு 1 என்ற ஏற்றத்தில் கிடையாக அளந்தால் 4.76 டிகிரி, தண்டவாளத்தோடு அளந்தால் 4.78. இந்த வித்தியாசத்தில் எந்த ரயில் கவிழ்ந்துவிடும் ஐயா?

பழைய_ஓவர்சியர்:
3க்கு 1 என்ற சரிவில் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபடும். கொள்கை என்று ஒன்று உண்டு.

வாட்டம்_பார்ப்பவர்:
கொள்கையை வைத்துக்கொண்டு நாற்பது வருடத்தில் எத்தனை மழைநீர்க் குழாயைத் தலைகீழாக வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

சங்கிலி_எண்ணெய்:
சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மணி, அந்த 31க்கு அடுத்த ஐம்பது மீட்டரில் செயலி என்ன காட்டுகிறது?

மிதிக்கும்மணி:
இறக்கம் 20. அதற்கு அடுத்து மறுபடி ஏற்றம் 18.

சங்கிலி_எண்ணெய்:
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. மலைச்சாலை இப்படி நடுவில் குதித்து இறங்காது. பல செயலிகள் உயரத்தைச் சாலையில் அளப்பதில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த தரவு போன்ற ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதில் ஏறத்தாழ 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே உயரம். அடர்ந்த காடு என்றால் ரேடார் தரை வரை இறங்காது, மரத்தின் உயரமும் கொஞ்சம் கலந்துவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு சுற்றுக்கு மேல் இன்னொரு சுற்றாகச் சாலை அடுக்கடுக்காகக் கிடக்கிறது. வரைபடத்தில் கோடு பதினைந்து மீட்டர் பக்கவாட்டில் விலகினால் போதும், மலையின் சரிவையே சாலையின் ஏற்றமாகக் கணக்கிட்டுவிடும். நீங்கள் பார்த்த 31 மலையினுடையது, சாலையினுடையது இல்லை.

சரியாகத் தெரிய வேண்டுமா? ஐம்பது மீட்டர் ஏற்றத்தைப் பார்க்காதீர்கள். ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே எத்தனை மீட்டர் உயர்கிறது என்று பாருங்கள். 70 மீட்டர் என்றால் 7 சதவீதம்.

பல் தட்டு: முன்னால் 34, பின்னால் 28 பல் வைத்து நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 8 சதவீதத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாங்குவது எல்லோராலும் முடியாது. 32 அல்லது 34 பல் மாட்டுங்கள், முழங்கால் நன்றி சொல்லும். சங்கிலியைத் தட்டுக்குத் தட்டு மாற்றும் பின்கியர் அந்தப் பெரிய தட்டை ஏற்குமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கல்லாறு_வாசி:
ஓவர்சியர் ஐயா சொன்ன இரண்டரை சதவீதம் புத்தகத்தில் சரி, பழைய சாலைகளில் அதற்கு இடம் வேண்டுமே. வளைவின் உள்விளிம்பு எப்போதும் செங்குத்து, ஏனென்றால் அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏறுகிறீர்கள். நாம் இடப்பக்கம் போகிறவர்கள், ஆகவே இடது வளைவுகளில் அந்த விளிம்புதான் நமக்கு வாய்க்கும். அங்கே 12, 13 சதவீதம் கூட வரலாம். வெளிவிளிம்புக்கு விலகி ஏறும் ஆசை வேண்டாம், எதிரே பஸ் வரும்.

பழைய_ஓவர்சியர்:
இதைத்தான் நானும் சொன்னேன்.

வாட்டம்_பார்ப்பவர்:
எங்கே சொன்னீர்கள்?

மிதிக்கும்மணி: (எட்டு நாள் கழித்து)
ஏறிவிட்டோம். 32 பல் மாட்டினேன். 31 எங்கும் வரவில்லை. இரண்டு இடது வளைவுகளில் இறங்கித் தள்ளினேன். எல்லோருக்கும் நன்றி.

சங்கிலி_எண்ணெய்:
மகிழ்ச்சி. எந்த வழியாக ஏறினீர்கள்?