கையடக்க கன்சோல்: ஸ்டிக் தானாக நகர்கிறது, சார்ஜ் ஒன்றரை மணி நேரம்கூட நிற்பதில்லை. வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

இழை தொடங்கியவர்

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக என்னிடம் ஒரு கையடக்க கன்சோல் இருக்கிறது. கணினி விளையாட்டுகளை அப்படியே ஓட்டும் வகை, 7 அங்குலத் திரை, 40 வாட்-அவர் பேட்டரி. வாங்கிய புதிதில் கையை விட்டு இறக்கவே மனம் வராது. இப்போது மூன்று தொல்லைகள்.

முதலாவது, கட்டைவிரலால் தள்ளும் இடது ஸ்டிக். நான் தொடாமலே கதாபாத்திரம் இடது பக்கம் மெதுவாக நடக்கிறது. நேற்று ஒரு பாலத்தின் நடுவே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் ஆள் ஆற்றில் கிடக்கிறான்.

இரண்டாவது, சார்ஜ். முழுதாக ஏற்றி உட்கார்ந்தால் 1 மணி 25 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் எப்போதும் ஒயர் செருகியபடியேதான் விளையாடுகிறேன். அப்புறம் சூடு. மேல் விளிம்பில் விரல் வைக்க முடியவில்லை, ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது.

குழந்தை தூங்கிய பிறகுதான் எனக்கு விளையாட நேரம், அதுவும் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. வீட்டில் மேசைக் கணினி இருக்கிறது, ஆனால் அதன் முன்னால் போய் உட்கார முடிவதில்லை. இதைச் சரி செய்ய முடியுமா, இல்லை விற்றுவிட்டு சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

விற்கும் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் சில விவரங்கள் வேண்டும். என்ன மாதிரி விளையாட்டுகள்? திரை எத்தனை ஹெர்ட்ஸில் இருக்கிறது, அதாவது வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது? செயலிக்கு வைத்திருக்கும் மின் வரம்பு எத்தனை வாட்? பேட்டரி அறிக்கையில் இப்போது முழுக் கொள்ளளவு எவ்வளவு காட்டுகிறது? ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுவிட்டு, கன்ட்ரோலர் சோதனைப் பக்கத்தில் அச்சு மதிப்பு (நடுவில் 0, முழுதாகத் தள்ளினால் 1) எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். இன்னொன்று, பின்மூடி எங்காவது உப்பியிருக்கிறதா? மேசைமேல் மல்லாக்கப் போட்டால் ஆடுகிறதா? ஆடினால் மற்ற எதையும் செய்ய வேண்டாம், சார்ஜ் போடுவதையும் நிறுத்திவிட்டு வந்து சொல்லுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை நாமாகக் கிளறவே கூடாது.

இழை தொடங்கியவர்

பார்த்துவிட்டேன். உப்பல் இல்லை, மேசையில் சமமாகத்தான் உட்காருகிறது. பேட்டரி அறிக்கையில் 36 வாட்-அவர். மின் வரம்பு 25 வாட்டில் இருக்கிறது, வாங்கியபோதே அப்படித்தான் வைத்தேன், நன்றாக ஓடட்டுமே என்று. திரை 120 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் திறந்தவெளி சாகச விளையாட்டுகள், இடையிடையே இரு பரிமாணத்தில் சின்னச் சின்ன விளையாட்டுகள். இடது ஸ்டிக் தொடாமல் இருக்கும்போதே 0.13 காட்டுகிறது. வலது 0.03.

பதில் 2

உங்கள் பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றரை வருடத்தில் 40 என்பது 36 ஆவது சாதாரணம். மின் செலவைத்தான் பார்க்க வேண்டும். 36 வாட்-அவரை 1 மணி 25 நிமிடத்தில் தீர்த்தால், கருவி சராசரியாக 25 வாட்டுக்கு மேல் இழுக்கிறது என்று அர்த்தம். அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். சூடும் சத்தமும் தனித்தனி நோய்கள் இல்லை, இதே கணக்கின் மறுபக்கம்தான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பெரிய விளையாட்டுகளுக்கு மின் வரம்பை 10 அல்லது 11 வாட்டுக்கு இறக்குங்கள். திரையை 40 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, அந்த வசதி இல்லையென்றால் 120 ஹெர்ட்ஸிலேயே வைத்து, ஃப்ரேம் வேகத்தை (வினாடிக்கு எத்தனை படம் என்பதை) 40 என்று கட்டுங்கள். ஏன் 40? 60 ஃப்ரேமில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவினாடி, 30 ஃப்ரேமில் 33.3. இரண்டுக்கும் சரியான நடு 25 மில்லிவினாடி, அதுதான் 40 ஃப்ரேம். எண்ணைப் பார்த்தால் 30-க்குப் பக்கம் போலத் தெரியும், விளையாடிப் பார்த்தால் கை அப்படிச் சொல்லாது. ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 ஃப்ரேம் வைக்காதீர்கள். சில படங்கள் ஒரு சுற்றும் சில படங்கள் இரண்டு சுற்றும் நிற்கும், கேமராவைத் திருப்பினால் திக்கித் திக்கி வரும். 120-ஐ 40 மீதமில்லாமல் வகுக்கிறது, அதனால் அங்கே பிரச்சினை இல்லை.

நிழல் தரத்தை ஒரு படி குறையுங்கள், 7 அங்குலத்தில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இரு பரிமாண விளையாட்டுகளுக்கு 6, 7 வாட் போதும், அப்போது ஃபேன் இருப்பதே மறந்துவிடும்.

எப்போதும் ஒயர் செருகியே விளையாடுவதாகச் சொன்னீர்கள். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்து இருப்பதுதான் லித்தியத்தைச் சீக்கிரம் கிழடாக்கும்.

பதில் 3

ஸ்டிக் பற்றி நான் சொல்கிறேன், இதை நான் மூன்று கருவிகளில் கழற்றி மாட்டியிருக்கிறேன்.

வழக்கமான ஸ்டிக்குக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். கரிப்பூச்சு பூசிய ஒரு சின்ன வளைவுப் பாதை, அதன்மேல் உரசிப்போகும் ஒரு உலோக நாக்கு, அவ்வளவுதான். நீங்கள் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அந்த நாக்கு பாதையைத் தேய்க்கிறது. நாளடைவில் கரி தேய்ந்து, அந்தத் துகள் அங்கேயே கிடந்து, நடு நிலையின் மதிப்பு நகர்ந்துவிடும். உங்கள் 0.13 அதுதான். பழைய கன்சோலைக் கழற்றிப் பார்த்தபோது அந்தப் பாதையில் நடுப்பகுதி மட்டும் வெளிறி, ஓரத்தில் கறுப்பு மாவு போலப் படிந்திருந்தது. இடது ஸ்டிக் முதலில் போவதும் இதனால்தான், நடப்பது ஓடுவது எல்லாம் அதில்தானே.

ஏறுவரிசையில் செய்யுங்கள். முதலில் அமைப்புகளில் போய் மறுஅளவீடு. சரியாகவில்லையா, செயலற்ற வட்டத்தை (ஸ்டிக்கின் நடுவில், அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) 15 சதவீதத்துக்கு உயர்த்துங்கள், நகர்வது நின்றுவிடும். ஆனால் ஒன்று, மெல்லத் தள்ளினால் மெல்ல நடக்கும் அந்த நுட்பம் போய்விடும், குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் உடனே உறுத்தும். அடுத்தது, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு ஸ்டிக்கின் அடியில் விட்டு, வட்டமாகச் சுழற்றி, நன்றாகக் காயவிட்டுப் பார்ப்பது. கருவி முழுதாக அணைந்திருக்க வேண்டும். சில வாரம் தாங்கும், தேய்ந்தது தேய்ந்ததுதான், திரும்ப வரும்.

நிலையான வழி, ஹால் சென்சார் ஸ்டிக்கை மாற்றிப் போடுவது. அதில் ஒரு சின்னக் காந்தம் நகர்கிறது, எதிரே இருக்கும் சென்சார் காந்தப்புலத்தை அளக்கிறது, ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. இது புதுச் சங்கதியும் இல்லை, 1998-இல் வந்த ட்ரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரிலேயே ஹால் சென்சார் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் தேயும் பாகத்தையே இவ்வளவு கருவிகளில் போடுகிறார்களே என்பதுதான் எனக்கு உண்மையான வருத்தம். மேசைக் கன்சோலில் கன்ட்ரோலர் போனால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். கையடக்கத்தில் ஸ்டிக் போனால் கருவியே முடங்குகிறது.

கழற்றும்போது: மெமரி கார்டை முதலில் வெளியே எடுங்கள். பின்மூடி கழலும்போது கார்டு இரண்டாக முறிந்ததை என் கண்ணால் பார்த்தேன், உள்ளே இருந்த சேமிப்புகள் அத்தனையும் போயின. திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை, ஒரு தாளில் கருவியின் உருவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். பேட்டரி இணைப்பைப் பிரித்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்.

பதில் 4

எல்லோரும் ரிப்பேர் பற்றியே சொல்கிறீர்கள், அவர் கேட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறதே. சின்னதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். நான் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

எடைதான் காரணம். சின்ன கையடக்கமான நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் சுமார் 275 கிராம், உங்களுடையதுபோல் கணினி விளையாட்டுகளை ஓட்டும் ஸ்டீம் டெக்கின் முதல் மாடல் சுமார் 669 கிராம். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் இருபது நிமிடத்தில் மணிக்கட்டுக்குத் தெரியும். எனக்குக் கட்டைவிரல் அடியில் வலி வந்து ஒரு மாதம் தொடவே இல்லை. அப்புறம் எழுத்து. தொலைக்காட்சிக்காகச் செய்த விளையாட்டை 7 அங்குலத்தில் போட்டால் பொருள் பட்டியலைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. எழுத்தளவை மாற்றும் வசதி பல விளையாட்டுகளில் கிடையாது. கையடக்கத்துக்கென்றே செய்த விளையாட்டுகளில் இந்தத் தொல்லையே இல்லை.

பதில் 2

எடை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மறுக்க மாட்டேன். மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றித்தான் நானும் பிடிக்கிறேன். ஆனால் சின்னது வாங்கினால் அவர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கணினி விளையாட்டுகள் அதில் ஓடாதே? அது பெரிய இழப்பு.

படம் அழகாக வேண்டுமா, சார்ஜ் நிற்க வேண்டுமா என்ற பேரம் கையடக்கம் பிறந்த நாளிலிருந்து இருக்கிறது. 1989-இல் நின்டெண்டோவின் கேம் பாய் வந்தபோது பச்சை மங்கல் திரை, வண்ணம் இல்லை, உள்விளக்கும் இல்லை. மறு வருடம் வந்த சேகாவின் கேம் கியரில் வண்ணத் திரை, உள்விளக்கு எல்லாம் இருந்தது. ஆனால் கேம் கியர் ஆறு ஏஏ பேட்டரியை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துவிடும், கேம் பாய் நாலே நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். மக்கள் கேம் பாயைத்தான் எடுத்தார்கள். இன்று நம் கருவிகளில் ஒரு வசதி கூடியிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்வது என்பதை வாட் வரம்பை வைத்து நாமே முடிவு செய்யலாம்.

இழை தொடங்கியவர்

நன்றி நண்பர்களே. எடை எனக்கும் தெரிகிறதுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விற்க மனமில்லாததற்குக் காரணம் மேலே இருக்கும் அந்தச் சின்ன பவர் பட்டன். குழந்தை அழுதால் ஒரு அழுத்து, திரை அணைந்துவிடும். வாள் பாதி வீச்சில் இருந்தாலும் அப்படியே நிற்கும். மறுநாள் இரவு அழுத்தினால் அதே வாள், அதே இடம். சேமிக்கும் இடம் தேடி ஓட வேண்டாம், லோடிங் கிடையாது. என் மேசைக் கணினியில் விளையாட்டைத் திறந்து முகப்புப் பட்டியலைத் தாண்டுவதற்குள் எனக்குக் கிடைத்த நேரத்தில் பாதி போய்விடும். கைப்பேசியிலும் முயன்றேன், விரல்களே திரையில் பாதியை மறைக்கின்றன, நடுவில் அழைப்பு வருகிறது. இது கையில் இருந்தால் விளையாட்டு மட்டும்தான்.

ஸ்டிக்கை மாற்றிப் பார்க்கிறேன், முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

பதில் 1

தூக்க நிலையை நம்பியிருக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கணினி இயங்குதளத்தில் ஓடும் சில கருவிகள் பைக்குள் இருக்கும்போது தானாக விழித்துக்கொள்ளும். எடுத்துப் பார்த்தால் கொதிக்கும், சார்ஜும் காலி. வீட்டுக்குள் தூக்கம் போதும், பையில் வைப்பதற்கு முன் உறக்கப் பதிவு (ஹைபர்னேட்) நிலைக்கு மாற்றுங்கள். திறக்கச் சில வினாடி கூடும், ஆனால் விட்ட இடம் சேமிப்பகத்தில் எழுதப்பட்டு இருக்கும்.

இழை தொடங்கியவர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

மின் வரம்பு 11 வாட், 40 ஃப்ரேம். அதே சாகச விளையாட்டில் இப்போது 2 மணி 50 நிமிடம் நிற்கிறது. காட்டுப் பகுதியில் மட்டும் கொஞ்சம் திணறியது, நிழலைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. ஃபேன் இருக்கிறது, ஆனால் குழந்தை தூங்கும் அறையிலேயே உட்கார்ந்து விளையாட முடிகிறது. முன்பு கூடத்துக்குப் போய்விடுவேன்.

ஸ்டிக்குக்கு ஆல்கஹால் விட்டுப் பார்த்தேன், ஒன்பது நாள் நன்றாக இருந்தது, பத்தாம் நாள் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டான். சரி என்று ஹால் ஸ்டிக் ஜோடி வாங்கிக் கழற்றினேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கார்டை எடுக்கச் சொன்னவருக்குக் கோடி நன்றி, திருகுளியைக் கையில் எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஸ்டிக்கிலிருந்து போகும் நாடா ஒயரின் பூட்டு அரிசி அளவுதான் இருக்கிறது, இழுத்துப் பார்த்து வரவில்லை, கொஞ்சம் பயந்தேன். பிறகுதான் தெரிந்தது அதை இழுக்கக் கூடாது, நகத்தால் மேலே நிமிர்த்த வேண்டும், நிமிர்த்தினால் ஒயர் தானாக வருகிறது. மாட்டியதும் 0.09 காட்டியது, வேலை வீண் என்று நினைத்துவிட்டேன், மறுஅளவீடு செய்ததும் 0.02-க்கு வந்தது. அன்றிரவே அதே பாலத்தில் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை.

ஒரே ஒரு சந்தேகம், ஜோடியில் இன்னொரு ஸ்டிக் சும்மா இருக்கிறது. வலதையும் மாற்றிவிடவா? அது இப்போதும் 0.03 தான்.

பதில் 3

ரொம்ப மகிழ்ச்சி. வலதை இப்போது தொடாதீர்கள், நன்றாக ஓடுவதைக் கழற்றினால் அந்த நாடா ஒயருக்குத்தான் ஆபத்து. மாதம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள், 0.08 தாண்டினால் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை புது ஸ்டிக்கை அது வந்த பையிலேயே, தூசு படாமல் மூடி வையுங்கள். திருகுகளைக் குத்தி வைத்த அந்தத் தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.