எங்கீங்க போறீங்க?

பெருந்துறையிலிருந்து ஒருவர்:

எனக்கு 49 வயது. சர்க்கரை வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். பத்து நாள் நடந்தேன், சலித்துவிட்டது. அப்புறம்தான் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துச் சாளை வீட்டில் சோளத்தட்டுக்குப் பின்னால் பதினைந்து வருடமாகச் சாத்திக் கிடக்கும் ராலே சைக்கிள் ஞாபகம் வந்தது. உயரமான ஃபிரேம், ராடு பிரேக், ஸ்பிரிங் வைத்த தோல் சீட். செயின் ஓடும் பெரிய பல்சக்கரத்தில் மூன்று கொக்குத் தலை வெட்டியிருக்கும். குரங்கு பெடல் போட்ட வயதில் அந்தக் கொக்குகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இட்டேரி வேலியில் போய் விழுந்திருக்கிறேன், கிளுவை முள் கிழித்த தழும்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது.

சீமை வண்டி என்றுதான் குடும்பமே பெருமை பேசிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும் ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்த முத்திரையில் சென்-ராலே என்று எழுத்து வந்தது. அப்படியென்றால் இங்கிலாந்து நாட்டிங்காமில் செய்தது இல்லை, வங்காளத்து அசன்சோலில் செய்தது. அம்மாயியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ஓவராயிலிங் பண்ணிக் கொடுத்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பால்ரஸ் மாற்றி, வீல் பெண்டு எடுத்து, முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி என்று தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார், சுமை பின்னால்தானே ஏறும். முதல் வாரம் முட்டி வலி தாங்கவில்லை. திரும்பப் போனால், சீட்டு எறக்கமா இருக்குதுங்க, பெடல் அடியில வர்றப்ப குதிகாலை வெச்சுப் பாருங்க, கால் நீட்டி நிக்கோணும் என்று சொல்லி இரண்டு விரல்கடை ஏற்றிவிட்டார். வலி போய்விட்டது. மழையில் மட்டும் ராடு பிரேக்கை நம்பாதீர்கள் என்றார். இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், அதை நானே வாய்க்கால் மேட்டு இறக்கத்தில் ஒரு நாள் தெரிந்துகொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் போனால் யாராவது நிறுத்திப் பேசாமல் விடமாட்டார்கள். போன ஆடியில் ஊத்துக்குளிப் பக்கம் போனேன். அந்த மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேரே மூஞ்சியில் அடிக்கும். கியர் இல்லாத இருபது கிலோ வண்டி, நின்று மிதித்தாலும் நகராது. அதனால் போகும்போது மேற்கே பார்த்துப் போய்விட்டால், வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடும் என்பது என் கணக்கு.

டீக்கடையில் ஒரு பெரியவர் வண்டியையே சுற்றி வந்தார். சீட்டைத் தடவினார், பெல்லைத் தட்டினார், பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு ஃப்ரீவீல் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அவரும் ஒரு காலத்தில் இதே மாதிரி வண்டியில் ஊர் ஊராகப் போய் வெண்ணெய் வாங்கி வந்து விற்றவராம். வெயில் ஏறினால் உருகிவிடும் என்று வெடியால நாலு மணிக்கே டைனமோ வெளிச்சத்தில் கிளம்பிவிடுவாராம்.

"எங்கீங்க போறீங்க?"

"சும்மாதானுங்க."

"சும்மாங்களா?"

அவர் அதைக் கேட்ட விதத்தில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சைக்கிள் என்றால் பால் கேன், நூல் மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்டாட்டி. ஒன்றுமே ஏற்றாமல், ஒரு வேலையும் இல்லாமல், வயிற்றைக் குறைக்க மிதிக்கிற ஆளை அவர் பார்த்ததே இல்லை போல. கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஒரு வேலை பண்ணுங்க தம்பி, விசயமங்கலந்தானே தடம்? புள்ள ஊட்டுல இதைக் குடுத்துருங்க" என்று ஒரு கட்டு முருங்கைக்காயைக் கேரியரில் வைத்தார். பழைய டியூப்பை வாராக அறுத்து வைத்திருந்தார். அதை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அடியில் செருகி ஒரு இழு. முடிச்சே போடவில்லை. விஜயமங்கலம் வரை ஒரு காய் ஆடவில்லை.

அந்த அம்மா கேட்டுக்குள்ளிருந்தே என்னை மேலும் கீழும் பார்த்தார். "அய்யன் குடுத்துட்டாங்களா? நீங்க யாருங்க?" அதற்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. அப்புறம் மோர் கொடுத்தார். நான் சொம்பைத் திருப்பிக் கொடுப்பதற்குள் உள்ளே போய் ஒரு தூக்குப்போசியோடு வந்தார். "சும்மாதானே போறீங்களாம்? அய்யன் போன்ல சொன்னாங்க. இதை அவிய கையில குடுத்துருங்க, கொள்ளுப் பருப்பு."

மறுபடியும் மேற்கே. எதிர்க்காற்று. ஒன்றரை மணி நேரம் ஆனது.

கோபியிலிருந்து ஒருவர்:

அண்ணா, உங்களிடம் எங்கே போறீங்க என்றாவது கேட்கிறார்கள். என்னைப் பார்த்தால் "ஸ்கூட்டி என்னங்கக்கா ஆச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். 52 வயதுப் பொம்பளை மாமனாரின் பழைய ஹெர்குலஸில் போனால் வண்டி ரிப்பேர், இல்லையென்றால் வீட்டில் சண்டை, வேறு காரணமே இருக்கக்கூடாது போல. ஒருத்தர் பைக்கை நிறுத்தி, "ஏறுங்க, சைக்கிளை அப்புறம் ஆள் விட்டு எடுத்துக்கலாம்" என்றார். மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லியும் நம்பவில்லை, கொஞ்ச தூரம் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

சேலையோடு அந்தக் குறுக்குக் கம்பியைத் தாண்டி ஏற முடியாது, அதனால் சுடிதார்தான். ஏறுவதற்கு எனக்கு மைல்கல்லோ மதகோ வேண்டும், எந்தெந்த இடத்தில் நிறுத்தலாம் என்று கீழ்பவானி வாய்க்கால் கரை முழுக்க மனப்பாடம்.

கரையில் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் புள்ளைகள் உண்டு, பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கிற சைக்கிளில். போன வாரம் ஒருத்தி என் பக்கத்தில் வந்து ஒரு பர்லாங்கு தூரம் பேசாமலே மிதித்தாள். அப்புறம், "அத்தை, அந்த பெல்லை ஒரு தடவை அடிங்க" என்றாள். கட்டை விரலால் அழுத்தினேன். வாத்துக் கூட்டமே வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. "இன்னொரு தடவை" என்றாள்.