தூரத்தில் நின்று அடிக்கும் ட்ரெபுசெட்டிடமிருந்து கோட்டையைக் காப்பது எப்படி?

கேள்வி:
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் கேம். நான் ஃபிராங்க்ஸ் அணி, எதிரில் நண்பன் பிரிட்டன்ஸ் அணி. கடைசிக் கட்டமான இம்பீரியல் ஏஜ் வந்ததும் மூன்று ட்ரெபுசெட்டைத் (கல்லெறியும் எந்திரம்) தூரத்தில் நிறுத்தி அடிக்கிறான், முன்னால் ஹால்பர்டியர் (ஈட்டிக்காரர்கள்), பின்னால் லாங்போமேன் (நீள்வில்லாளிகள்). கோட்டைக்குள் 20 வில்லாளிகளை அடைத்தும் ஒரு அம்புகூட ட்ரெபுசெட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மதில் இன்னும் இரண்டு வரிசை போட்டால் தாங்குமா?

பதில்:
மதில் வேண்டாம் ப்ரோ, கல் அதன் தலைக்கு மேலேதான் வருகிறது. ட்ரெபுசெட் ரேஞ்ச் 16. கோட்டைக்கு 8, அம்பு தூரத்தைக் கூட்டும் ஃப்ளெட்சிங், போட்கின் ஏரோ ஆராய்ச்சிகளை முடித்தால் 10, ஃபிராங்க்ஸுக்கு அடுத்த ஆராய்ச்சியான பிரேசர் கிடையாது என்பதால் அதோடு சரி. உள்ளே ஆள் ஏற்றினால் அம்புகள் கூடும், தூரம் கூடாது. அப்படியே எட்டினாலும் அடிப்பதற்காக விரித்து நிற்கும் ட்ரெபுசெட்டை அம்பு கீறக்கூடச் செய்யாது. கிட்டப் போய் வெட்டினால் பொசுக்கென்று போய்விடும், அதன் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) வெறும் 150. குதிரைப் படையை வெளியே அனுப்புங்கள்.

கேட்டவர்:
நைட் (குதிரை வீரர்கள்) அனுப்பிப் பார்த்தாச்சு. ஹால்பர்டியர் குத்தியே முடித்துவிடுகிறார்கள்.

பதில்:
நேராகப் போனால் அப்படித்தான். உங்கள் கோட்டையிலேயே த்ரோயிங் ஆக்ஸ்மேன் வருமே, அதை ஏன் யாரும் எடுப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை! கோடாரியைத் தள்ளி நின்று எறிந்தாலும் சேதம் கைச்சண்டைக் கணக்கில்தான் விழும், ஹால்பர்டியருக்கு அது ஆகவே ஆகாது. அவர்களைக் கோட்டையை ஒட்டி நிறுத்தி வம்பிழுங்கள், ஹால்பர்டியர் துரத்தி வந்தால் கோட்டை அம்புக்கடியில் வந்து சிக்குவார்கள், அந்த நேரத்தில் நைட்டெல்லாம் வேறு கேட் வழியாகச் சுற்றிப்போய்ப் பின்பக்கம் விழ வேண்டும். லாங்போமேன் பக்கம் திரும்பாமல் முதலில் ட்ரெபுசெட்.

இன்னொருவர்:
மேலே சொன்னது சரி. அதோடு, ட்ரெபுசெட் மடித்து நகரும்போது அம்புக்குத் தாங்காது, அதனால் வெளியே ஒரு ஸ்கவுட் (வேவு பார்க்கும் குதிரை வீரன்) நிற்கட்டும், வருவது தெரிந்ததும் விரிப்பதற்கு முன்பே பாயுங்கள். உங்களுடையதும் ஒன்று கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ரேஞ்ச் சமம்தானே. அவன் வார்வுல்ஃப் ஆராய்ச்சி முடித்திருந்தால் ஆட்களைக் கும்பலாக நிறுத்தாதீர்கள், அதன்பிறகு ட்ரெபுசெட்டின் குறி தப்பாது. (1304-இல் ஸ்டர்லிங் கோட்டை முற்றுகையில் முதலாம் எட்வர்டு கட்டிய எந்திரத்தின் பெயர் அது. உள்ளே இருந்தவர்கள் சரணடைகிறோம் என்று சொன்ன பிறகும், அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாராம் மனிதர்.)

கேட்டவர்:
ஆக்ஸ்மேன் இதுவரை தொட்டதே இல்லை. கோட்டை அடி வாங்கும்போது வில்லேஜரை (வேலையாட்களை) வைத்து ரிப்பேர் செய்யலாமா?

பதில்:
செய்யலாம், ரிப்பேருக்குக் கல் செலவாகும், கொஞ்சம் மிச்சம் வையுங்கள். ட்ரெபுசெட் இருக்கும் பக்கம் மட்டும் நிற்க வேண்டாம், எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி வேலை செய்யச் சொல்லுங்கள்.