புதுப்பிப்பு: ஃபுட்பால் மேனேஜர் 2024, 4-2-3-1 திருத்தம்

ஃபுட்பால் மேனேஜர், நாமே கால்பந்து அணியின் மேனேஜராகி வியூகம் வகுக்கும் கேம். அதில் 4-2-3-1 (டிஃபென்ஸில் நாலு பேர், அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர், அடுத்து மூன்று பேர், முனையில் ஒருவர்) போட்டு, ப்ரெஸ்ஸிங்கை (எதிரணியைத் துரத்திப் பந்தைப் பறிப்பது) உச்சத்தில் வைத்து, டிஃபென்ஸ் நிற்கும் கோட்டையும் மேலே ஏற்றச் சொல்லி போன இழையில் எழுதியிருந்தேன். காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து நண்பர்கள் பலரும் சொன்ன குறை ஒன்றுதான்: 70 நிமிடம் தாண்டினால் கோல் வாங்குகிறோம்.

முதல் காரணம் ஃபுல்பேக், அதாவது டிஃபென்ஸில் இரு ஓரமும் நிற்பவர்கள். இரண்டு பேருக்கும் 'அட்டாக்' பொறுப்பு கொடுத்தால் பந்து பறிபோன நொடியில் இரு ஓரமும் காலி. ஒருவருக்கு மட்டும் அட்டாக், மற்றவருக்கு 'டிஃபெண்ட்'. டிஃபென்ஸுக்கு முன்னால் நடுவில் இருக்கும் இரட்டையரில், அட்டாக் போகிற ஃபுல்பேக்கின் பக்கத்தில் நிற்பவருக்கும் 'டிஃபெண்ட்' கொடுங்கள். அவர்தான் அந்த ஓட்டையை அடைப்பார்.

அடுத்தது சென்டர்பேக்கின் (டிஃபென்ஸின் நடுவில் நிற்பவர்) வேகம். பேஸ், ஆக்ஸலரேஷன் இரண்டும் 20க்கு 11, 12 என்றால் டிஃபென்ஸ் நிற்கும் கோட்டை 'ஸ்டாண்டர்டு'க்கு இறக்கிவிடுங்கள். ஆனால் முன்னால் ப்ரெஸ் தொடங்கும் கோட்டையும் கூடவே இறக்க வேண்டும். அதை மறந்தால் இரண்டுக்கும் நடுவே நம்ம வேலூர்க் கோட்டை அகழி மாதிரி இடைவெளி விழும். எதிரணியின் பத்தாம் நம்பர் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுபவர்) அதில் படகே விடுவார்.

மூன்றாவது காரணம் களைப்பு. அதற்கு மருந்து, கேமில் இன்னொரு வியூகத்தைச் சேமித்து வைக்கும் இரண்டாவது டாக்டிக் இடம். அதே 4-2-3-1, அதே ரோல்கள். மென்டாலிட்டி (எவ்வளவு துணிந்து ஆடுவது) ஒரு படி கீழே, ப்ரெஸ்ஸிங் குறைவு, டெம்போ (ஆட்ட வேகம்) மெதுவு. முன்னிலையில் இருந்தால் 65வது நிமிடத்தில் மாற்றுங்கள். மே மாத வேலூர் வெயிலில் 90 நிமிடமும் துரத்த யாரால் முடியும்? அந்த இரண்டாவது இடத்தில் வேறு ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் அமைப்பு) வைத்தால் அணிக்குப் பழக நாளாகும்.

2026 பதிப்புக்கு இதை அப்படியே எடுக்காதீர்கள். அதில் பந்து இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது இன்னொன்று. டிஃபெண்ட், அட்டாக் என்ற பிரிவே கிடையாது.