மை ஃப்ரெண்ட் பெட்ரோ: இவ்வளவு பாராட்டியவர்கள் ஏன் இவ்வளவு குறையும் சொன்னார்கள்?

கேட்டவர்: நடுநிசி நாயகன்

நண்பர்களுக்கு வணக்கம். 2019 ஜூனில் கணினியிலும் நின்டெண்டோ ஸ்விட்சிலும் வெளியாகி, பின்னர் எக்ஸ்பாக்ஸுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் வந்த மை ஃப்ரெண்ட் பெட்ரோவை வாங்கலாமா என்ற யோசனையில், அது வெளியான சமயத்து விமர்சனங்களை வரிசையாகப் படித்தேன். அந்தரத்தில் மிதக்கும் ஒரு வாழைப்பழத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, முகமூடி அணிந்த ஒருவன் இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்திச் சுழன்று சுழன்று சுடுகிறான். அந்தச் சுழற்சியின் அழகைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாதவர் அரிது. ஆனால் அப்படிக் கொண்டாடியவர்களே, கேம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, கதை மெலிந்திருக்கிறது, பிற்பாதியில் சுடுவதைவிடத் தாவுவது அதிகமாகிவிட்டது என்று அடுத்த பத்தியில் குறைகளை அடுக்கத் தொடங்குகிறார்கள். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டித் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் சராசரியோ நூற்றுக்கு 80-ஐ ஒட்டி நிற்கிறது.

எனக்கு விளங்காதது இதுதான்: அந்த 80 என்பது முழுக்க நன்றாக உள்ள ஒரு கேமுக்கான மதிப்பெண்ணா, அல்லது பாதி அற்புதமாகவும் பாதி சுமாராகவும் உள்ள ஒன்றுக்கான சராசரியா? டிரெய்லரில் தெரியும் வித்தைகள் சாதாரணமாக விளையாடுபவருக்கும் கைகூடுமா?

பதில்: வாணலி வீரன்

டிரெய்லர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் ஆடுபவர் அந்த லெவலின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். தரையில் கிடக்கும் வாணலியைக் காலால் எற்றி மேலே எழுப்பிவிட்டு, அது காற்றில் சுழலும்போது அதை நோக்கிச் சுட்டால், தோட்டாக்கள் அதில் பட்டுத் தெறித்து, மறைவில் நிற்கும் எதிரிகளைத் தேடிச் சென்று வீழ்த்தும். முதல் முறை இது தற்செயலாக நடந்துவிட்டதைப் போலத் தோன்றும். அதே அறைக்குத் திரும்ப வரும்போதுதான், ஸ்லோ மோஷனை எந்த நொடியில் தொடங்குவது, ஒரு துப்பாக்கியை ஒருவன்மீது நிலைநிறுத்திவிட்டு இன்னொன்றை எதிர்த்திசையில் எப்போது திருப்புவது என்பதையெல்லாம் நாமே திட்டமிடத் தொடங்குவோம். கேமின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் இடையே நேரம் கரைவதற்குள் சங்கிலியை அறுக்காமல் நீட்டிக்கொண்டு போனால் ஸ்கோர் பெருகும். லெவல் முடிவில் அதற்கேற்ற தரம் கிடைக்கும். உச்சமான எஸ் தரம் பெறுவதற்காக ஒரே லெவலைத் திரும்பத் திரும்ப ஆடியவரும், கதையை முடித்துவிட்டு நகர்ந்தவரும் ஒரே கேமை ஆடவில்லை என்றே சொல்வேன். குறுகியது என்ற புகார் பெரும்பாலும் இரண்டாமவரிடமிருந்து வருகிறது. கேம் வெளியாகும் நாளுக்குள் கட்டுரையை எழுதி முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஒரு விமர்சகர் எந்த வகையாக விளையாடியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே சற்றுக் குறைத்தே மதிப்பிட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து.

பதில்: கறார் கண்ணன்

வாணலி வீரன் பழி முழுவதையும் விமர்சகர் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. திரும்ப ஆட வேண்டும் என்ற ஆசையை ஏற்படுத்துவது கேமின் வேலை. டெவால்வர் டிஜிட்டல் 2012-ல் வெளியிட்ட ஹாட்லைன் மயாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே அடியில் உயிர் போய்விடும், ஒரு பொத்தானை அழுத்தினால் மறுகணமே அதே தளத்தில் மீண்டும் நிற்பீர்கள். ஆகவே அந்தத் தளத்தை மனப்பாடமாக அறியாமல் அடுத்த அடி எடுத்து வைக்கவே இயலாது. திரும்ப ஆடுவது அங்கே விருப்பத்துக்கு விடப்படவில்லை. பெட்ரோவிலோ, எதிரிகளை வீழ்த்தும்போதே ஸ்லோ மோஷனுக்கான இருப்பு மீண்டும் நிரம்பிவிடுவதால், சாதாரண நிலையில் ஆடுபவர் எந்த வித்தையும் கற்காமல், நேரத்தை மெதுவாக்கிச் சுட்டுக்கொண்டே சில மணி நேரத்தில் இறுதிவரை போய்விடலாம். அப்படிப் போக முடிந்ததை ஒரு விமர்சகர் பதிவு செய்தால் அதில் என்ன தவறு?

பிற்பாதியைப் பற்றிய குறையும் நியாயமானதே, அதன் காரணத்தைத்தான் பலர் சரியாக எழுதவில்லை. லேசர்களும் நகரும் மேடைகளும் வருவது தானாகவே குற்றமாகிவிடாது. நாயகனின் உடல் சுழல்வதற்கும், சரிவதற்கும், தோட்டாக்களுக்கு நடுவே வளைவதற்கும் வடிவமைக்கப்பட்டது. சற்று மிதப்பாகவே தாவும். எதிரிகள் நிறைந்த அறையில் அந்த மிதப்பு நளினமாகத் தெரியும். ஆளில்லாத அறையில், துல்லியமாகக் கால் பதிக்க வேண்டிய இடத்தில், அதே மிதப்பு எரிச்சலூட்டும். சுட ஆளில்லாத இடத்தில் ஸ்டைலுக்கு வேலையே இல்லை. வில்லனான இறைச்சிக் கடைக்காரனின் ஆட்களோடு மோதும் தொடக்க லெவல்களில் இந்தச் சிக்கல் எழவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று: இந்தக் கேமை உருவாக்கிய டெட்டோஸ்ட் என்பது விக்டர் ஓக்ரென் என்ற தனி மனிதரின் நிறுவனம் என்பதற்காகச் சிலர் குறைகளைப் பெருந்தன்மையோடு கடந்து செல்வதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய உழைப்பை மதிக்கிறேன், ஆனால் காசு கொடுத்து வாங்குபவருக்கான மதிப்பீட்டில் அந்தச் சலுகைக்கு இடமில்லை.

பதில்: எண்ணும் எழுத்தும்

மதிப்பெண் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மெட்டாகிரிட்டிக் எல்லா விமர்சனங்களையும் சமமாகக் கூட்டி வகுப்பதில்லை. சில இதழ்களுக்குக் கூடுதல் எடை தருகிறது, அந்த எடை எவ்வளவு என்பதை வெளியிடுவதும் இல்லை. கேம்களைப் பொறுத்தவரை 75-ஐத் தொட்டாலே, நல்ல வரவேற்பைக் குறிக்கும் பச்சை நிறம் கிடைத்துவிடும். எனவே 80 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, அது சீரான கேமா, மேடு பள்ளமான கேமா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதற்குத் தனித்தனி மதிப்பெண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பாருங்கள், அல்லது கட்டுரைகளையே படியுங்கள்.

நடுநிசி நாயகன்

மூவருக்கும் நன்றி. கறார் கண்ணன் சொன்ன காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஆனாலும் வாணலி வீரனின் விவரிப்பு வாங்கத் தூண்டிவிட்டது. கதையையும் நகைச்சுவையையும் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? கன்ட்ரோலரில் ஆடுவதா, மவுஸிலா?

பதில்: வாணலி வீரன்

கதைக்காக வாங்காதீர்கள். வாழைப்பழம் தொடக்கத்தில் சிரிக்க வைக்கும், போகப்போக அதன் பேச்சைத் தாண்டிவிட்டு அடுத்த அறைக்குள் நுழையத்தான் கை பரபரக்கும். கணினி இருக்கிறதென்றால் மவுஸே மேல். ஓடவும், தாவவும், சுழலவும், நேரத்தை மெதுவாக்கவும், இரு துப்பாக்கிகளைப் பிரித்துக் குறிவைக்கவும் வேண்டியிருக்கும்போது, குறிபார்க்கும் வேலையையாவது மவுஸிடம் விட்டுவிட்டால் மற்றவற்றைக் கவனிக்க மனம் மிஞ்சும். ஒவ்வொரு லெவல் முடிவிலும் உங்கள் சிறந்த தருணத்தை வெட்டி ஜிஃப் ஆக்கித் தரும் வசதி உண்டு. எஸ் தரம் கிடைத்தவுடன் அதை இங்கே பதியுங்கள், கறார் கண்ணனுக்கும் காட்டுவோம்.